நல்ல உணவின் கலோரியையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கேள்வி: பவானிக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44, உயரம் 158 செ.மீ., தொடங்கும்போது எடை 78 கிலோ. ஈரோட்டுக்கு அருகில் வசிக்கிறேன். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலை. எடையைக் குறைக்க வேண்டும் என்று நான்கு மாதங்களுக்கு முன்பு முடிவெடுத்து, வெள்ளைச் சர்க்கரை, மைதா, பாக்கெட் தின்பண்டங்கள், பேக்கரிப் பொருள்கள் ஆகிய அனைத்தையும் வீட்டுக்குள் வரவிடாமல் நிறுத்திவிட்டேன். அவற்றின் இடத்தில் எல்லாரும் நல்லது என்று சொல்லும் பொருள்களைக் கொண்டுவந்தேன்.

காலையில் எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சைச் சாறும் ஒரு மேசைக்கரண்டி தேனும். பிறகு பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி, அதற்கு நாட்டுச்சர்க்கரை. பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாமும் முந்திரியும், நான்கு பேரீச்சம்பழமும். மதியம் தினை அல்லது வரகுச் சோறு, சாம்பார், தேங்காய் தூவிய பொரியல், மோர். மாலையில் வறுத்த நிலக்கடலை. இரவு கேழ்வரகு தோசையும் கடலைச் சட்னியும். சமையலுக்கு மரச்செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் மட்டுமே. நாள்தோறும் 40 நிமிடம் நடக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு சென்ற வாரம் எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. எந்திரம் தவறு என்று நினைத்து வேறொரு கடையில் பார்த்தேன். அங்கும் அதே எண். நல்ல கொழுப்பு உடம்பில் தங்காது என்றும், சிறுதானியம் சாப்பிட்டால் அளவு பார்க்க வேண்டியதில்லை என்றும் காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது? பாதாமின் கலோரியும் பஜ்ஜியின் கலோரியும் உடம்புக்கு ஒன்றுதானா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: தராசுத்தட்டு

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியதில் ஒழுக்கக்குறைவு எதுவும் எனக்குத் தென்படவில்லை. அளவு மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே இடத்தில் நின்றேன் என்பதால், உங்கள் ஒரு நாளை என் தராசில் ஏற்றிப் பார்க்கிறேன். எண்கள் தோராயமானவை, உங்கள் கரண்டியும் கையும் எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்து மேலும் கீழுமாக மாறும்.

தேன் வெந்நீர் 60 கலோரி. சத்துமாவு 50 கிராம், பால் 200 மில்லி, நாட்டுச்சர்க்கரை இரண்டு தேக்கரண்டி சேர்ந்தால் ஏறத்தாழ 350. 'ஒரு கைப்பிடி' என்று நாம் சொல்லும் பாதாம், முந்திரியை நிறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் 40 கிராமுக்குக் குறையாது. பேரீச்சையோடு சேர்த்து 325. மதிய உணவு, தாளித்த எண்ணெயைத் தவிர்த்து, 500. நிலக்கடலை 50 கிராம் என்றால் 280. இரவுத் தோசையும் சட்னியும், எண்ணெய் நீங்கலாக, 360.

எண்ணெயை வேண்டுமென்றே தனியாக வைத்தேன். கரண்டிக் கணக்கில் எண்ணெயை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. தாளிக்கும்போது கை தானாகச் சாய்கிறது. அதனால் மளிகைச் சீட்டைப் பாருங்கள். மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் வாங்கினால், அது ஏறத்தாழ 3,640 கிராம். 3 பேருக்கும் 30 நாளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் எண்ணெய் கிராமுக்கு 9 கலோரிதான். ஆக எண்ணெயில் மட்டும் 360க்கு மேல். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரிக்கான ஒரு நாள் மாதிரித் தட்டில் எண்ணெய், கொழுப்பு வகைக்கு ஒதுக்கியிருப்பது 27 கிராம். கொட்டைகளுக்கும் விதைகளுக்கும் சேர்த்து 35 கிராம். நீங்கள் பாதாம், முந்திரி, நிலக்கடலை என்று 90 கிராம் சாப்பிடுகிறீர்கள். சத்துமாவில் அரைத்துச் சேர்த்தவை அதற்கும் மேல்.

அனைத்தையும் கூட்டினால் 2,240 வருகிறது. உட்கார்ந்து வேலை செய்யும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அந்த நிறுவனமே குறிப்பிடும் தேவை 1,660 கலோரி. உங்கள் எடை அதைவிட அதிகம், நடைப்பயிற்சியும் உண்டு என்பதால் உங்களுக்கு 1,900, மிஞ்சினால் 2,000 செலவாகலாம். நடப்பதில் எரிவது 150 முதல் 200 கலோரி, அதாவது பதினொரு மணிப் பாதாமில் பாதிக்குச் சற்று மேல். இதை எழுத எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு சொல். அதே நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் தீட்டிய அரிசிக்கு 100 கிராமுக்கு ஏறத்தாழ 355 கலோரி. வரகுக்கு 330, கம்புக்கு 348, கேழ்வரகுக்கு 320. நார்ச்சத்தும் கால்சியமும் இரும்பும் வேறுபடுகின்றன. அவற்றுக்காகச் சாப்பிடுவது நியாயம். கலோரியில் மட்டும் பார்த்தால், அரிசியை விட்டு வரகுக்கு மாறிய நாள் முதல் கரண்டியை ஒருமுறை கூடுதலாகப் போட்டால், கிடைத்த சிறு லாபமும் அந்தக் கரண்டியோடு போய்விடும். நாட்டுச்சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் இடையிலும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை.

பதில் 2: பொருநைவாசி

தராசுத்தட்டு ஐயாவின் கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கூட்டலே வாழ்க்கையாகிவிடக் கூடாது என்று சொல்ல விரும்புகிறேன். எனக்கு வயது 61. என் தாயும் பாட்டியும் கலோரி என்ற சொல்லைக் கேட்டதே இல்லை; எங்கள் தெருவில் அக்காலத்தில் தொப்பை உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் 84 கிலோவில் இருந்து 76 கிலோவுக்கு ஓராண்டில் வந்தேன். ஒரு நாளும் எதையும் நிறுக்கவில்லை. ஒருமுறை கைப்பேசியில் கணக்கு எழுத முயன்று, பதினைந்தாம் நாள் சொதிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

உணவின் தரம் முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை ஆய்வு மனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். இரு தட்டுகளிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் ஆகியவை ஏறத்தாழச் சமம். வேண்டிய அளவு உண்ணலாம் என்று சொல்லப்பட்டது. பதப்படுத்திய உணவுக் காலத்தில் அவர்கள் நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோ கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ குறைந்தார்கள். ஆய்வு 2019இல் வெளியானது. யாரும் எண்ணவில்லை; உணவு மாறியதும் வயிறு தானே எண்ணிக்கொண்டது. ஆகவே அம்மணி, நீங்கள் போகும் வழி சரியே. தராசை வாங்குவதற்கு முன்பு பசித்துச் சாப்பிடுகிறீர்களா, மணி அடித்ததும் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். பதினொரு மணிப் பாதாம் பசிக்கு வந்ததா, பட்டியலில் இருப்பதால் வந்ததா?

பதில் 3: உணவியல் ஊழியை

மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராகப் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மேலே எழுதிய இருவரும் ஒருவரை ஒருவர் மறுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹால் அவர்களின் ஆய்வில் எடை குறைந்தவர்கள் குறைவாக உண்டதால்தான் குறைந்தார்கள். நல்ல உணவு குறைவாக உண்ண உதவுகிறது. உதவாதபோது, அதாவது நல்ல உணவையே கூடுதலாக உண்ணும்போது, எடை கூடவே செய்யும்.

பாதாமின் கலோரியும் பஜ்ஜியின் கலோரியும் ஒன்றா என்ற கேள்விக்கு விடை சற்று நீளமானது. கிராமுக்கு மாவுச்சத்து 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று நாம் பயன்படுத்தும் எண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்தவை. அவை சராசரிகள்; எல்லாப் பொருளுக்கும் துல்லியமாகப் பொருந்துவதில்லை. அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் 2012இல் முழுப் பாதாமை மனிதர்களுக்குக் கொடுத்து, உடல் ஏற்றுக்கொண்டது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று அளந்தார்கள். அட்டவணைப்படி 28 கிராமுக்கு 170 கலோரி வர வேண்டிய இடத்தில் கிடைத்தது 129 மட்டுமே. கொட்டையின் கொழுப்பு கடினமான செல்சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதாலும், பல்லால் அவற்றை முழுமையாக உடைக்க முடியாததாலும், ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. 'நல்ல கொழுப்பு தங்காது' என்று நீங்கள் கேட்ட பேச்சில் உண்மையின் துளி ஏதேனும் இருந்தால் அது இவ்வளவுதான். ஆனால் 2016இல் அதே துறையினர் பாதாமை விழுதாக அரைத்துக் கொடுத்துப் பார்த்தபோது, அட்டவணை சொன்ன கலோரி அனைத்தும் உடம்பில் ஏறியது. உங்கள் சத்துமாவில் பாதாமும் நிலக்கடலையும் மாவாகத்தானே கலந்திருக்கின்றன? மாவாக்கிய கொட்டைக்கு அந்தத் தள்ளுபடியை எதிர்பார்க்க முடியாது. கடலைச் சட்னியும் அப்படியே.

செரிமானத்துக்கே உடல் செலவிடும் ஆற்றலும் உண்டு. புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு அதைச் செரிப்பதிலேயே போய்விடுகிறது. கொழுப்பில் 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. எனவே எண்கள் முற்றிலும் சமம் அல்ல. ஆனாலும் இந்த வேறுபாடுகள் அனைத்தையும் சேர்த்தாலும், 40 கிராம் எண்ணெயின் கலோரியை அவை துடைத்துவிடமாட்டா.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் கேக்கும் இனிப்புத் தின்பண்டங்களும் உண்டு, நாள் அளவை 1,800 கலோரிக்குள் நிறுத்தி, ஏறத்தாழ 12 கிலோ குறைத்தார். அதை யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அவரும் அதை நல்ல உணவு முறை என்று சொல்லவில்லை. எடை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அளவே தீர்மானிக்கிறது என்பதற்கு அதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பொருநைவாசி ஐயா பாட்டியைக் குறிப்பிட்டார்கள். பாட்டியின் கம்பு வேறு, இன்றைய கம்பு வேறு. 40 கிராம் கம்பைக் கரைத்துக் காய்ச்சி, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு ஒரு செம்பு கூழாகக் குடித்தால் 170 கலோரி. வயிறு நிறைந்து மூன்று மணி நேரம் தாங்கும். அதே 40 கிராம் கம்பு மாவை 30 கிராம் வெல்லத்தோடும் 15 கிராம் நெய்யோடும் உருண்டை பிடித்தால் இரண்டு உருண்டை, 390 கலோரி. பத்து நிமிடத்தில் மூன்றாவதைத் தேடும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது இரண்டுக்கும் ஒன்றே: பாரம்பரியச் சிறுதானியம். இதோடு, பாட்டி களையெடுக்கவும் நாற்று நடவும் போனார். நாம் கோப்பு எழுதப் போகிறோம். வயிற்றை நிறைப்பதில் உணவுகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளைச் சம கலோரியில் கொடுத்துப் பார்த்தார்கள். முதலிடம் பிடித்தது, நம்மில் பலர் எடைக்குப் பயந்து தொடாமல் விடும் வேகவைத்த உருளைக்கிழங்கு. எண்ணெயில் பொரித்தது அல்ல, வேகவைத்தது.

எண்ணியே ஆக வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதியினர் கொழுப்பையும் மறு பாதியினர் மாவுச்சத்தையும் குறைத்தார்கள். யாரையும் கலோரி எண்ணச் சொல்லவில்லை. சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விட்டு, காய்கறி மிகுதியாக, வீட்டில் சமைத்து உண்ணச் சொன்னார்கள். ஓராண்டில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள். ஆனால் அவை சராசரிகள். அதே அறிவுரையைக் கேட்டு எடை கூடியவர்களும் இரு பக்கமும் இருந்தார்கள். நீங்கள் அந்த வரிசையில் நிற்பதால் உங்களுக்குச் சில காலம் அளவு தேவைப்படுகிறது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கீரை, சுரைக்காய், புடலை, வெள்ளரி, நீர்மோர், ரசம் ஆகியவற்றை நிறுக்க வேண்டாம், வேண்டிய அளவு உண்ணலாம். எண்ணெய், நெய், கொட்டைகள், தேங்காய், தேன், நாட்டுச்சர்க்கரை, மாவு வகை, சோறு ஆகியவற்றை மட்டும் மூன்று வாரம் அளந்து பயன்படுத்துங்கள். பிறகு கண்ணே ஓரளவு பழகிவிடும். தேன் வெந்நீரில் தேனை விட்டுவிட்டு எலுமிச்சையை வைத்துக்கொள்ளலாம். கொட்டைகளை முழுதாக, நாளுக்கு 30 கிராம் அளவில், ஒரே வேளையில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் புரதம் குறைவு. இரவுத் தோசையோடு கடலைச் சட்னிக்குப் பதில் கெட்டியான பருப்போ, முட்டையோ, கொண்டைக்கடலைக் குழம்போ இருந்தால் நடு இரவில் டப்பாவைத் திறக்கத் தோன்றாது.

தைராய்டு பரிசோதனை செய்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவைக் குறைக்கும் முன்பு மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

பதில் 4: பொருநைவாசி

உருளைக்கிழங்குச் செய்திக்கு நன்றி. கூழையும் உருண்டையையும் ஒப்பிட்டது எனக்கே உறைத்தது; என் மகள் பேரனுக்கென்று வாங்கி வைத்திருக்கும் உருண்டை டப்பாவை மாலையில் நானும் திறப்பது உண்டு.

பதில் 5: பவானிக்கரையாள்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் மளிகைச் சீட்டைப் பார்த்தேன். மூன்று பேருக்குக் கடலெண்ணெய் மூன்று லிட்டர், நல்லெண்ணெய் ஒரு லிட்டர், அதற்கு மேல் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர். சுத்திகரித்த எண்ணெய் வாங்கிய காலத்தில் மாதம் மூன்று லிட்டரைத் தாண்டியதில்லை. செக்கெண்ணெய் உடம்புக்கு நல்லது என்ற துணிச்சலில் நானே கூட்டியிருக்கிறேன். விலையும் இரட்டிப்பு, அளவும் ஒன்றரை மடங்கு!

பிறகு ஒரு சமையல் தராசு வாங்கி, என் 'கைப்பிடி'யை நிறுத்தேன். 52 கிராம். இரண்டு முறை நிறுத்தேன்.

இப்போது வீட்டுக்கு மாதம் இரண்டே கால் லிட்டர் எண்ணெய். அடுப்பருகில் பெரிய குப்பியை வைக்காமல், அன்றைக்கு உரியதைச் சிறு கிண்ணத்தில் காலையிலேயே ஊற்றி வைத்துவிடுகிறேன். அது தீர்ந்தால் தாளிப்புக்கு அடுத்த நாள்தான். மாமியார் முதல் வாரம் குழம்பில் எண்ணெய் மிதக்கவில்லை என்று வருந்தினார்கள்; இப்போது பழகிவிட்டது. தேன் நின்றது, நிலக்கடலையை வாரம் இருமுறை வேகவைத்துச் சிறு கிண்ணம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், சத்துமாவுக்குப் பதில் பெரும்பாலும் கம்பங்கூழ். தைராய்டு பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. எடை இன்று காலை 77.4 கிலோ, கூடிய எடையில் இருந்து பார்த்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது.

ஒரு சிறு ஐயம். வரகரிசி 100 கிராமுக்கு 330 கலோரி என்று எழுதினீர்கள். அது வேகவைக்கும் முன் உள்ள நிறையா, சோறாக வடித்த பிறகு உள்ள நிறையா? நான் சோற்றை நிறுத்து 330 என்று எழுதி வருகிறேன். அப்படியானால் அரை வயிறுதான் நிறைகிறது.

பதில் 6: தராசுத்தட்டு

அது வேகவைக்கும் முன் உள்ள நிறை, சகோதரி. அரிசியோ வரகோ வெந்த பிறகு நீரை இழுத்து ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். ஆகவே 100 கிராம் சோற்றில் உள்ளது 110 முதல் 130 கலோரி மட்டுமே. ஆறு வாரமாக நீங்கள் மதியச் சோற்றில் உங்களுக்கு உரியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உண்டு வந்திருக்கிறீர்கள். நாளை முதல் இன்னும் ஒரு கரண்டி சோறும், அதன் மேல் கெட்டிப் பருப்பும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.